விடுபடாமல் வந்த ஆற்றளவு

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே, இணையம் இயங்கும் விதத்தைக் காட்டும் அந்த அடுக்குப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கம்பி, உச்சியில் நாம் பயன்படுத்தும் செயலி, நடுவில் பெட்டி பெட்டியாகச் சில பெயர்கள். நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். நேர்முகத் தேர்வில் கடகடவென்று ஒப்பித்தேன், வேலையும் கிடைத்தது. அதன் பிறகு பல வருடங்கள் அந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமலே சம்பளம் வாங்க முடிகிற தொழில் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறும்போது, புதியவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ரவுட்டரை எப்படி அமைப்பது, ஒளியிழையை எப்படி ஒட்டுவது என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, பாதி தூக்கத்தில் பார்த்தாலே புரிந்துவிடும். என் வேலைக்காலத்தில் இரண்டு முறை நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அந்த இரண்டையும் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது சின்ன விஷயம். கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரத்தில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பேக்கரி. சாலையைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே பம்புசெட் பழுது பார்க்கும் ஒரு கடை. இரண்டு கடைக்காரர்களும் மச்சான்மார்கள். பேக்கரிக்காரர் சாப்பிடப் போகும்போது கடைக் கேமராவின் படத்தை அந்தப் பக்கத்து மச்சான் தன் போனில் பார்த்துக்கொள்வார். பேக்கரிக்கு எங்கள் இணைப்பு, பம்புசெட் கடைக்கு வேறு ஒரு நிறுவனத்தின் இணைப்பு. படம் தாமதமாக வருகிறது என்று புகார் வர, நான் போனேன்.

"ஏனுங்க, இவரு கைய ஆட்டுனா எனக்கு நேர்லயே தெரியுதுங்க. போன்ல பாத்தா அதுக்கப்புறந்தான் ஆட்டறாரு. இது என்னங்க கூத்து?" என்றார் பம்புசெட் கடைக்காரர்.

படம் போகும் வழியைத் தேடிப் பார்த்தேன். பேக்கரியில் கிளம்பி பாலக்காடு, கொச்சி, அங்கிருந்து மும்பை. மும்பையில்தான் எங்கள் நிறுவனமும் அவர்கள் நிறுவனமும் கை கொடுத்துக்கொள்கின்றன. பிறகு சென்னை, கோவை, பொள்ளாச்சி, கடைசியில் எதிர்க் கடை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்துக்கு இத்தனை சுற்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"வழி தப்பாம வந்துருதுங்களே. அப்ப இதப் பூராத்தையும் ஆருங்க பாத்துக்கறது?"

"ஆரும் இல்லீங்க," என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சாலையோரத்திலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் நான் சொன்னது உண்மை, அதை நானே அப்போதுதான் கேட்டேன். வழியில் இருக்கிற எந்த ரவுட்டருக்கும் முழுப் பாதை தெரியாது. அடுத்து யார் கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். கொடுத்துவிட்டு அது மறந்துவிடும். மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற தலைமை அலுவலகம் என்று ஒன்று எங்குமே கிடையாது. இருந்தும் பேக்கரியில் ஆட்டிய கை துண்டு துண்டாக மும்பை போய், எதிர்க் கடையில் மறுபடி கையாகச் சேர்ந்துவிடுகிறது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத்தான் என்னை நகர்த்தினார்கள்.

இரண்டாவது இவ்வளவு இனிமையானது அல்ல. அதில் இரண்டு உயிர்கள் இருந்தன.

பெருமாட்டிப் பக்கம் ஒரு பாடசேகர சமிதி, அதாவது ஒரே வாய்க்காலில் நனைகிற வயல்காரர்களின் சங்கம், எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. ஆற்றின் மேல்பகுதியில், மலையடிவாரத் தடுப்பணையில், நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை வைத்து, அது காட்டும் அளவை உடனுக்குடன் எங்கள் அலுவலகத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். தடுப்பணையில் ஏறிய தண்ணீர் ஊருக்கு வந்து சேர ஒரு மணி நேரம் போல ஆகும். அதற்குள் ஊர் தயாராகிவிடலாம் என்பது கணக்கு. தடுப்பணைக்கும் எங்களுக்கும் நடுவே கம்பி கிடையாது. தென்னந்தோப்புகளுக்கு மேலாக ரேடியோ இணைப்புதான்.

சமிதித் தலைவர் பழனிச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு அளவு கூட விட்டுப்போகக் கூடாதுங்க. எங்களுக்கு முறைத் தண்ணி. ஒரு மணி நேரத்துக்கு அளவு இல்லீன்னா, அப்பத் தண்ணி வந்துச்சா இல்லியான்னு தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மண்டைய ஒடச்சுக்குவாங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, வரிசையா, எல்லாமே வரோணும்."

தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் இது நியாயமான கோரிக்கை. வரிசை என்பது அவர்களுக்கு நிலத்தைப் போல ஒரு சொத்து. அவர்கள் கேட்டதற்கு நம் தொழிலில் அச்சு அசலாக ஒரு முறை இருக்கிறது, டிசிபி என்று படித்திருப்பீர்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று மறுமுனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புதல் வரவில்லையா, திரும்ப அனுப்பு. மறுபடியும் வரவில்லையா, இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து திரும்ப அனுப்பு. முந்தியது சேராமல் பிந்தியதை உள்ளே விடாதே. எங்கள் ஆட்கள் கருவியையும் அதே குணத்தோடு அமைத்தார்கள். ஓர் அளவுக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் அடுத்த அளவு கிளம்பும். சமிதிக்கு ரொம்பத் திருப்தி, திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம் உண்டு. எங்கள் பக்கத்தில் நிலம்பதி என்பார்கள். படுகையோடு படுகையாகக் கிடக்கும், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். அதன் நடுவில் ஒரு மேடை, மேடையில் வாய்க்காலின் மதகைத் திருகும் இரும்புச் சக்கரம். மலைத் தண்ணீர் வரும் முன்னால் அந்த மதகை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் வாய்க்கால் உடைந்து வயலுக்குள் வெள்ளம் ஏறிவிடும். அடைக்கிற வேலை கிட்டுச்சாமியுடையது. சக்கரம் துருப்பிடித்துப் போய் ஒருவரால் திருக முடியாததால் அவர் மனைவி சரசுவும் கூடப் போவார். இருவரும் சேர்ந்து திருகினாலும் நல்ல நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் அவர்கள் நிற்பது ஆற்றின் நட்டநடுவில். அதனால் இறங்கும் முன் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து மேலே தண்ணீர் எப்படி என்று கேட்பது கிட்டுச்சாமியின் வழக்கம்.

அது ஐப்பசி மாதம், அறுவடைக்கு நெல் நின்ற நேரம். மதியம் எங்கள் பக்கம் சுள்ளென்று வெயில், காற்று மட்டும் பலமாக இருந்தது. மலை மேல் கறுத்துக் கிடந்தது. பழனிச்சாமி படியேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்து திரையின் முன்னால் நின்றார். திரையில் எச்சரிக்கை விளக்கு பச்சை, மட்டம் தாழ்வு. கிட்டுச்சாமி போனில் கேட்டார், "ஏனுங்க, எறங்கலாமுங்களா?"

"மேல இன்னும் ஏறுலீங்க. வெரசாப் போயி அடைச்சுட்டு வந்துருங்க," என்றார் பழனிச்சாமி. நானும் திரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அப்போது மகேஸ்வரி எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆமாம், இன்று உங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருக்கும் அதே மகேஸ்வரிதான். போடிமெட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்தவர். எங்களுடைய 'ங்க' எல்லாம் அவருக்கு வராது, கேள்வியை நேராகக் கேட்பார். பக்கத்து மேசையில் ரேடியோ இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"சார், லிங்க் ரொம்ப மோசமா இருக்கு. காத்துக்குத் தென்ன மட்டை ஆடி மறைக்குது போல. அனுப்புறதுல பாதிக்கு மேல தொலைஞ்சு போகுது."

"திரை நல்லாத்தானே ஓடுது," என்றேன்.

"அதான் சார் எனக்கு விளங்கல. இவ்ளோ தொலைஞ்சும் திரையில ஒரு எண் கூட விடுபடலையே. அப்ப இது எப்ப எடுத்த அளவு?"

நான் திரையைப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நேரம் இருந்தது. அது எண் திரைக்கு வந்து சேர்ந்த நேரம். கருவி அளந்த நேரத்தைத் திரையில் காட்டவே இல்லை, அது தேவைப்படும் என்று அமைத்தபோது யாருக்கும் தோன்றவில்லை. பாதி தொலைகிற இணைப்பில் எதுவுமே விடுபடவில்லை என்றால், எல்லாமே திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது என்று பொருள். திரும்ப அனுப்பும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் புதிய அளவுகள் வரிசையில் நிற்கின்றன. காற்று காலையிலிருந்தே அடிக்கிறது. வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. திரையில் இருப்பது இன்று காலையில் ஓடிய ஆறாகக் கூட இருக்கலாம்.

"அவங்களத் திரும்பி வரச் சொல்லுங்க," என்றேன் பழனிச்சாமியிடம்.

"எதுக்குங்க? பச்சைதான எரியுது?"

"அது பழசா இருக்குமோன்னு சந்தேகமுங்க."

"சந்தேகமா? நெல்லு அறுக்கறதுக்கு நிக்குது சார். மதகு தொறந்து கெடந்து மலைத்தண்ணி வந்துச்சுன்னா எல்லாம் போச்சு. நீங்க வெச்ச மெசினு பச்சை காட்டுது, நீங்களே சந்தேகம்ங்கறீங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. திரையில் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. தோப்பில் காற்று, ஒரு பெண்ணின் கேள்வி, இவ்வளவுதான். நான் சொன்னது தவறாகிப் போனால் ஒரு ஊரின் அறுவடை என் தலையில் விழும். சரியாக இருந்து நான் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஒப்புதல், மறுஅனுப்பல் என்று நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். வாய் குழறியது. அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

மகேஸ்வரி எழுந்து வந்தார். "ஐயா, வாய்க்கால்ல இப்ப கடைமடைக்கு வந்து சேருற தண்ணி, மதகுல எப்பத் தொறந்து விட்டது?"

"எப்பத் தொறந்ததா? அது வந்து சேர எத்தன நேரமாகும். காலைல தொறந்தது இப்பத்தான்..." பழனிச்சாமி பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார். "இதுல வர்றதும் அப்படிங்களா?"

"வழியில அடைப்பு ஐயா. எல்லாம் வரும், வரிசையாத்தான் வரும். ஆனா இது காலைல தொறந்த தண்ணி."

வாய்க்கால்காரருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவரே போனை எடுத்து அடித்தார். கிட்டுச்சாமி எடுக்கவில்லை. கை சக்கரத்தில் இருந்திருக்கும். மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. மூன்றாவதாகச் சரசுவின் எண்ணுக்கு அடித்தார். அந்த மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

"பாதிக்கு மேல அடைச்சாச்சுங்க. இன்னுங் கொஞ்சந்தான்," என்றார் சரசு.

"உட்டுப்போட்டு ரெண்டு பேரும் கரையேறுங்க."

"அடைக்காம வந்தா உங்க வயலுதானுங்க மொதல்ல போகும்..."

"போவுது. ஏறு தாயி. இப்பவே ஏறு."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய்யாக இருந்துவிட்டால் நல்லது என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என்னை ஊரே திட்டட்டும், ஆறு காய்ந்து கிடக்கட்டும் என்றிருந்தது.

போன் வந்தது. கிட்டுச்சாமிதான். பின்னால் பெரிய இரைச்சல் கேட்டது.

"கரையேறித் திரும்பிப் பாத்தனுங்க. ஆத்தோட நெறமே மாறிருச்சு. அடுத்தாப்பல ஒரேயடியா வந்துருச்சுங்க. மேடை தெரியலீங்க, சக்கரமும் தெரியலீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "சரசோட செருப்பு அங்கயே இருந்துச்சுங்க. எடுத்துட்டு வந்துர்றேன்னு நின்னா. நாந்தான் இழுத்துட்டு வந்தேன்."

பழனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பாதி திறந்து கிடந்த மதகு வழியாக அவருடைய வயலுக்குத்தான் முதலில் வெள்ளம் ஏறியது. அவருக்கு அந்தப் போக நெல் மிஞ்சவில்லை.

நானும் மகேஸ்வரியும் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. வெளியே ஆறு கரை தொட்டு ஓடுகிறது, ஊரே மேட்டில் கூடி நிற்கிறது. திரையில் அமைதியான ஆறு. மெல்ல மெல்ல, ஒவ்வோர் எண்ணாக, அது ஏறத் தொடங்கியது. விளக்கு மஞ்சளானது. வெகுநேரம் கழித்துச் சிவப்பானது. கருவி அளந்தது ஒன்று கூடத் தவறவில்லை, ஒன்று கூட முன்பின் மாறவில்லை. ஆடும் மட்டைகளுக்கு நடுவே, தொலைந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேர்மையான ஒன்று இரண்டு பேரைக் கொல்லப் பார்த்தது என்று நினைத்தபோது அந்தத் திரையை உடைத்துப் போடத் தோன்றியது. அதே நேரத்தில் அதைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, என்னால் பிரிக்க முடியவில்லை.

நீங்கள் படித்த அதே பாடத்தில் டிசிபிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயர் இருந்திருக்கும், யுடிபி. பொறுப்பில்லாதது, அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காதது என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். எங்கள் ஆற்றையும் எங்கள் தென்னந்தோப்பையும் கண்ணால் பார்க்காத யாரோ சிலர், சில செய்திகள் தாமதமாக வருவதைவிட வராமல் போவதே மேல் என்று எப்போதோ யோசித்து, அதற்கும் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அடுக்கில் அருகருகே வைத்துவிட்டு, எது வேண்டும் என்று முடிவு செய்வதை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தின் முன்னால் நான் நிஜமாகத் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு சமிதி கூடியது. மகேஸ்வரி தன் யோசனையைச் சொன்னார். சண்டை தீர்க்க வேண்டிய பழைய அளவுகள் எல்லாம் கருவியிலேயே இருக்கட்டும், வரிசை குலையாமல் சாவகாசமாக வரட்டும். திரைக்கு மட்டும் தனியாக, கடைசியாக அளந்தது மட்டும், அளந்த நேரத்தோடு வரும். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். புதிதாக எதுவும் வராமல் கொஞ்ச நேரம் போனால் திரை வெறுமையாகிவிடும்.

கடைமடைக்காரர் ஒருவர் எழுந்து, காசு கொடுத்து வாங்கிய திரை வெறுமையாக இருப்பதற்கா என்று கேட்டார். பழனிச்சாமிதான் பதில் சொன்னார்.

"போனது போகட்டுமப்பா. இப்ப இருக்கறது தெரிஞ்சாச் சொல்லட்டும். தெரியலீன்னா வாய மூடிட்டு இருக்கட்டும்."

மகேஸ்வரி சொன்னபடியே மாற்றி அமைத்தோம்.

அடுத்த மழைக்குக் கிட்டுச்சாமி வழக்கம் போல் போன் செய்தார். இறங்கலாமா என்று கேட்டார். மகேஸ்வரி திரையைப் பார்த்தார். காற்று பலமாக இருந்தது, திரை வெறுமையாக இருந்தது.

"தெரியலண்ணே," என்றார்.

கிட்டுச்சாமி கோபப்படுவார் என்று நான் நினைத்தேன்.

"சரீங்க," என்றார் அவர். "அப்ப நாங்க கரையிலயே உக்காந்து சோத்தத் தின்னுக்கறோம். தெரிஞ்சதும் சொல்லுங்க."